கம்யூனிஸ்ட் ஆட்சி போன நாடுகள்ல சொத்து யார் கைக்குப் போச்சு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1989ல பெர்லின் சுவர் விழுந்துச்சு, 1991ல சோவியத் உடைஞ்சுது, இதோட நம்மாளுங்க கதையை முடிச்சிடுறாங்க. நிஜமான கூத்து அதுக்கப்புறம் தான். ஆட்சி மாறுறது சில வாரத்துல முடிஞ்சிரும், ஆனா ஒரு நாட்டுல இருக்குற ஃபேக்டரி, சுரங்கம், வீடு, கடை எல்லாமே அரசாங்கத்தோடதா இருந்துட்டு திடீர்னு யாரோ ஒருத்தரோடதா ஆகணும்னா, அந்த யாரோ ஒருத்தர் யாரு, எந்த வழியில வந்தாரு, இதை வச்சு தான் அடுத்த முப்பது வருஷம் ஓடுதுங்கிறது என் கட்சி. அதனால இந்தப் பக்கம் முழுக்க சொத்துக் கணக்கு தான். எல்லா நாட்டையும் தொடல, போலந்து, ரஷ்யா, கிழக்கு ஜெர்மனி, அல்பேனியா இந்த நாலும் தான் முக்கியமா வரும்.

பழைய காலத்துல ஜனங்க பட்டினியா கிடந்தாங்களா என்ன?

இல்ல. அங்க பிரச்சினை வேற மாதிரி. வேலை எல்லாருக்கும் இருந்துச்சு, வாடகை சும்மா பேருக்கு, ஆஸ்பத்திரி ஸ்கூல் ஃப்ரீ. கையில சம்பளக் காசு இருக்கும், கடையில சரக்கு இருக்காது. போலந்துல 1981ல இருந்து கறிக்கு ரேஷன் கார்டு, அதை எடுத்ததே 1989 ஆகஸ்ட்ல தான். கிழக்கு ஜெர்மனியில டிராபன்ட் கார் புக் பண்ணா பத்து வருஷத்துக்கு மேல வெயிட்டிங், புள்ள பொறந்தப்பவே புக் பண்ணி வச்ச குடும்பமெல்லாம் உண்டு. வாங்க பொருள் இல்லாததால காசு பேங்க்லயும் தலகாணி அடியிலயும் சேர்ந்துக்கிட்டே போச்சு. இந்தச் சேமிப்பை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

போலந்துல "ஷாக் தெரபி"ன்னு சொல்றாங்களே, என்ன தான் செஞ்சாங்க?

1989 ஜூன் தேர்தல்ல செனட்ல இருந்த 100 சீட்ல 99ஐ வலேசா தலைமையில இருந்த சாலிடாரிட்டி தொழிற்சங்க இயக்கம் அள்ளிச்சு. ஆகஸ்ட்ல மசோவியெட்ஸ்கி பிரதமர், நிதி மந்திரி பால்செரோவிச்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர். 1990 ஜனவரி 1 அன்னிக்கு ஒரே நாள்ல பெரும்பாலான விலைக் கட்டுப்பாட்டை எடுத்தாங்க, மானியத்தை வெட்டுனாங்க, ஒரு டாலருக்கு 9,500 ஸ்லோட்டினு ரேட் ஃபிக்ஸ் பண்ணி யார் வேணா மாத்திக்கலாம்னு விட்டாங்க, அரசாங்கக் கம்பெனி இஷ்டத்துக்குச் சம்பளம் ஏத்துனா அதுக்கு மேல செம டாக்ஸ் போட்டாங்க. அந்த ஒரே மாசத்துல விலைவாசி கிட்டத்தட்ட 80 சதவீதம் ஏறுச்சு. அதுக்கப்புறம் மெதுவா அடங்குச்சு.

ஜனங்க என்ன பண்ணாங்கன்னா, வார்சா நடு ஊர்ல, ஸ்டாலின் காலத்துல கட்டுன கலாச்சார மாளிகையைச் சுத்தி, மடக்குக் கட்டிலை விரிச்சுப் போட்டு அதுமேல சாக்ஸ், ஷாம்பு, டூத்பேஸ்ட், கேசட்னு பரப்பி யாவாரம் ஆரம்பிச்சுட்டாங்க. பக்கத்துலயே லாரியை நிப்பாட்டி பின்கதவைத் திறந்து கறி வெட்டி வித்தாங்க. கொஞ்ச நாள்ல மடக்குக் கட்டில் போயி தகரப் பொட்டிக்கடை, அப்புறம் ஆத்துக்கு அந்தப் பக்கம் பழைய ஸ்டேடியத்துல ஐரோப்பாவுலயே பெரிய திறந்தவெளிச் சந்தைகள்ல ஒண்ணு, ரஷ்யாக்காரன் வியட்நாம்காரன் எல்லாம் கடை போட்டான். அந்த இடத்துல தான் இப்ப 2012 யூரோ கப் நடந்த நேஷனல் ஸ்டேடியம் நிக்குது.

இங்க பலர் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. தனியார் தொழில் பண்ணலாம்னு சட்டம் போட்டது கடைசி கம்யூனிஸ்ட் அரசாங்கம் தான், 1988 டிசம்பர்ல, வில்செக்னு ஒரு மந்திரி கொண்டு வந்தது. போதாததுக்கு போலந்து விவசாயம் எந்தக் காலத்துலயும் முழுசா கூட்டுப்பண்ணை ஆகவே இல்ல, நிலத்துல முக்கால்வாசி சம்சாரிங்க கையில தான் இருந்துச்சு. சொந்தமா கணக்குப் பாத்து யாவாரம் பண்ணத் தெரிஞ்ச ஆளுங்க லட்சக்கணக்குல ஏற்கனவே ரெடியா இருந்தாங்க.

அப்ப போலந்து சக்சஸ் ஸ்டோரி தானே?

நாப்பது வயசுல வேலை போனவனைக் கேட்டா வேற மாதிரி சொல்லுவான். வேலையில்லாத் திண்டாட்டம்னா என்னன்னே தெரியாத நாட்டுல 1993 கடைசியில 16 சதவீதம் பேருக்கு வேலை இல்ல. அடி பலமா விழுந்தது அரசாங்கப் பண்ணைகள்ல வேலை பார்த்தவங்களுக்கு, வடக்குலயும் மேற்குலயும் ஊரே பண்ணை தான், பண்ணையோட வீடு, பண்ணையோட குழந்தைகள் காப்பகம், பண்ணையோட பஸ், 1991 சட்டத்துல பண்ணையை மூடுனதும் பஸ்ஸும் நின்னுருச்சு, வேலை தேடி டவுனுக்குப் போகக் கூட வழி இல்ல. 1993 தேர்தல்ல பழைய கம்யூனிஸ்ட்காரங்க பேர் மாத்திக்கிட்டு வந்து ஜெயிச்சாங்க, 1995 ஜனாதிபதித் தேர்தல்ல அவங்க ஆளு க்வாஸ்னியெவ்ஸ்கி வலேசாவையே தோற்கடிச்சாரு. சந்தையைக் கொண்டு வந்த தொழிற்சங்கத் தலைவரைச் சந்தையால அடிபட்ட தொழிலாளியே வீட்டுக்கு அனுப்புனான்.

ஆனாலும் ரஷ்யா மாதிரி ஆகலியே, ஏன்னா போலந்து விலையைத் தான் ஒரே நாள்ல திறந்துவிட்டுது, பெரிய ஃபேக்டரிகளை விக்கிறதுல ஆமை வேகம். சின்னக் கடைங்க சீக்கிரம் கைமாறுச்சு, பெருசுகளை அரசாங்கம் வருஷக்கணக்கா கையிலயே வச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா வித்துச்சு, பொதுமக்களுக்கு சர்ட்டிஃபிகேட் குடுக்குற திட்டமே 1995ல தான் ஆரம்பம். அதுக்குள்ள கோர்ட்டு, ஷேர் மார்க்கெட் கட்டுப்பாடு எல்லாம் ஓரளவு நிமிர்ந்திருச்சு. ஷேர் மார்க்கெட்னதும் ஞாபகம் வருது, வார்சா பங்குச் சந்தை 1991 ஏப்ரல்ல அஞ்சே அஞ்சு கம்பெனியோட திறந்தப்ப உக்காந்த கட்டிடம் எது தெரியுமா, கம்யூனிஸ்ட் கட்சியோட பழைய மத்தியக் கமிட்டி ஆபீஸ். குசும்பு தான்.

மேற்கத்திய நாடுங்க 1991ல போலந்தோட கடன்ல பாதியைத் தள்ளுபடி பண்ணதும் பெரிய கை தூக்கல். இதைச் சொல்லாம "கஷ்டப்பட்டு முன்னேறுனாங்க"ன்னு மட்டும் சொல்றது அரைக் கதை.

ரஷ்யாவும் அதே தானே செஞ்சுது? அங்க மட்டும் ஏன் ஊத்திக்கிச்சு?

அதே மாதிரி ஆரம்பிச்சாங்க. 1992 ஜனவரி 2, கைதார்னு 35 வயசுப் பொருளாதார நிபுணர் ஜனாதிபதி யெல்ட்சின் அரசாங்கத்துல விலைகளைத் திறந்துவிட்டாரு. கஜானா காலி, ஊருக்குள்ள தானியம் வரல, வேற வழி இல்லங்கிறது அவர் பக்க நியாயம், அதுல உண்மையும் இருக்கு. ஜனவரி ஒரே மாசத்துல விலை மூணரை மடங்கு. அது அங்கயே நின்னிருந்தா பரவாயில்ல, கோடையில இருந்து மத்திய வங்கி நஷ்டத்துல ஓடுற கம்பெனிகளுக்கெல்லாம் கடனை அள்ளி விட்டுச்சு, போதாக்குறைக்கு பிரிஞ்சு போன மத்த சோவியத் நாடுங்களும் 1993 வரைக்கும் அதே ரூபிள்ல கடன் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. ஒரே அக்கவுன்ட், அதுல பல பேருக்கு செக்புக். 1992 மொத்தத்துக்கும் பணவீக்கம் சுமார் 2,500 சதவீதம்.

மேல சொன்னேனே அந்தச் சேமிப்பு, அது அந்த வருஷமே ஆவியாப் போச்சு. சோவியத் சேமிப்பு வங்கியில இருபது முப்பது வருஷம் சேர்த்த காசு, சாவுச் செலவுக்குன்னு பாட்டிங்க போட்டு வச்ச காசு உட்பட. ஜனவரி கடைசியில யார் வேணா எங்க வேணா விக்கலாம்னு ஒரு ஆணை வந்துச்சு, மாஸ்கோ ரோட்டோரம் மெட்ரோ வாசல்ல டீச்சர், இஞ்சினியர், ரிட்டயர்டு ஆளுங்க வரிசையா நின்னு ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு கிரிஸ்டல் கிண்ணம், ஒரு பாட்டில் வோட்கான்னு கையில புடிச்சுக்கிட்டு வித்தாங்க. வார்சா மடக்குக் கட்டில்காரன் சரக்கு வாங்கிட்டு வந்து விக்கிறான், இவங்க வீட்டுச் சாமானை விக்கிறாங்க, பாக்க ஒரே மாதிரி தெரிஞ்சாலும் ரெண்டும் ஒண்ணு இல்ல.

வவுச்சர்னு ஒண்ணு குடுத்தாங்களாமே, அது என்ன?

1992 அக்டோபர்ல இருந்து கைக்குழந்தை முதக்கொண்டு ஒவ்வொரு ஆளுக்கும் 10,000 ரூபிள் முகமதிப்புல ஒரு காகிதம். இதைக் குடுத்து ஃபேக்டரி ஷேர் வாங்கிக்கலாம், வேண்டாம்னா யாருக்காவது வித்துக்கலாம். திட்டத்தைக் கொண்டு வந்த சுபைஸ், இது ஒரு நாள் ரெண்டு வோல்கா கார் விலைக்குப் போகும்னு சொன்னாரு. இன்னைக்கு வரைக்கும் ரஷ்யாவுல அவர் பேரைச் சொன்னா அந்த ரெண்டு வோல்காவைச் சொல்லித் தான் திட்டுவாங்க. நிஜத்துல சம்பளம் வராத வீட்டுல அதைக் கொஞ்சம் வோட்காவுக்கோ சமையல் எண்ணெய்க்கோ மெட்ரோ வாசல்லயே வித்துட்டாங்க.

பெரும்பாலான கம்பெனிகள்ல தொழிலாளர்களும் மேனேஜ்மென்ட்டும் சேர்ந்து 51 சதவீதம் எடுத்துக்குற வழியைத் தேர்ந்தெடுத்தாங்க. பேப்பர்ல பாத்தா தொழிலாளி தான் முதலாளி, கட்சி கண்ட கனவே நிறைவேறின மாதிரி. ஆனா மாசக்கணக்கா சம்பளம் குடுக்காம வச்சிருந்துட்டு "உன் ஷேரை எனக்கே குடுத்துரு, காசு தரேன்"னு பழைய டைரக்டரே வந்து நின்னா எத்தனை பேர் மாட்டேன்னு சொல்லுவான்? பழைய சிவப்பு டைரக்டர்கள் அப்படித் தான் ஓனர் ஆனாங்க.

செக்கோஸ்லோவாக்கியாவுலயும் இதே மாதிரி கூப்பன் புத்தகம் வித்தாங்க, 1,035 கிரவுன், அன்னைக்கு ஒரு வாரச் சம்பளம் போல. மொதல்ல யாரும் கண்டுக்கல, அப்புறம் விக்டர் கோஷெனின்னு ஒரு இளவட்டம் "ஹார்வர்ட்" பேர்ல ஒரு ஃபண்டு ஆரம்பிச்சு எங்கிட்ட குடுங்க பத்து மடங்காக்கித் தரேன்னு டிவியில விளம்பரம் பண்ணதும் க்யூ கட்டுனாங்க. ஹார்வர்டுக்கும் அந்த ஃபண்டுக்கும் ஸ்நானப் பிராப்தி கூட கிடையாது, அவர் அங்க படிச்சாரு, அவ்வளவு தான். அந்தாளு கடைசியில பஹாமாஸ்ல போய் செட்டில்.

ஆலிகார்க்குன்னு சொல்ற, அரசியல் செல்வாக்குள்ள பெரும்பணக்காரங்க இப்படித் தான் வந்தாங்களா?

வவுச்சர்ல வந்தது சின்ன மீனுங்க. திமிங்கலம் வந்தது 1995ல. அடுத்த வருஷம் தேர்தல், யெல்ட்சின் ரேட்டிங் ஒத்த இலக்கத்துல, கம்யூனிஸ்ட் ஜுகானோவ் ஜெயிச்சுருவார் போல இருக்கு, அரசாங்கத்துக்கிட்ட காசு இல்ல. அப்ப சில பேங்க்காரங்க ஒரு ஐடியாவோட வந்தாங்க, நாங்க அரசாங்கத்துக்குக் கடன் தரோம், அடமானமா எண்ணெய் கம்பெனி, நிக்கல் கம்பெனி ஷேரைக் குடுங்க, திருப்பிக் கட்டலேன்னா ஏலம் விட்டுக்குறோம். கட்ட மாட்டாங்கன்னு ரெண்டு பக்கமும் தெரியும். ஏலத்தை நடத்துறதும் அதே பேங்க்கு தான்.

நாரில்ஸ்க் நிக்கல், உலகத்துலயே பெரிய நிக்கல் கம்பெனிகள்ல ஒண்ணு, அதோட 38 சதவீதம் போனது 170.1 மில்லியன் டாலருக்கு, ஆரம்ப விலை 170. அதுக்கு ரெண்டு மடங்கு தரேன்னு வந்த இன்னொரு பேங்க்கை டாக்குமென்ட் சரியில்லன்னு வெளிய தள்ளிட்டாங்க. யூகோஸ் எண்ணெய் கம்பெனியில 45 சதவீதம் 159 மில்லியனுக்கு கொதர்கோவ்ஸ்கிங்கிற பேங்க்காரர் தரப்புக்கு. அடிமாட்டு விலை. 1996ல யெல்ட்சின் ரெண்டாவது சுத்துல ஜெயிச்சாரு, டிவி சேனல் வச்சிருந்தவங்களும் இதே கூட்டம் தான்.

இதுல பெரிய நஷ்டம் காசு இல்லன்னு நான் நினைக்கிறேன். இது திருட்டுச் சொத்துன்னு ஊர் பூரா முத்திரை குத்திருச்சு, வாங்குனவனுக்கும் அது தெரியும். அதனால 2003ல புடின் கொதர்கோவ்ஸ்கியை அரெஸ்ட் பண்ணி யூகோஸைப் பிரிச்சு மேஞ்சப்ப ஜனங்க கை தட்டுனாங்க. கோர்ட்டு நியாயமா நடந்துச்சான்னு கேக்க ஆள் இல்ல. அதிகாரத்துல இருக்குறவன் தயவு இருந்தா தான் சொத்து நிக்கும்னு மத்த எல்லாப் பணக்காரனுக்கும் அன்னைக்கே புரிஞ்சு போச்சு.

அந்தக் காலத்துல நிறைய பேர் செத்தாங்கன்னு சொல்றது நிஜமா?

நிஜம். ரஷ்ய ஆம்பளைங்களோட சராசரி ஆயுள் 1990 வாக்குல 64 வருஷம் போல இருந்தது, 1994ல 58க்கும் கீழ. போர் இல்ல, பஞ்சம் இல்ல. மாரடைப்பு, குடி, விபத்து, தற்கொலை, கொலை, அதுவும் நடுவயசு ஆம்பளைங்க. கடைசி சோவியத் தலைவர் கோர்பச்சேவ் 1985ல கொண்டு வந்த மதுக் கட்டுப்பாட்டால கொஞ்ச காலம் தப்பிச்சிருந்தவங்க சாவும் தள்ளிப்போய் இதுல சேர்ந்துச்சுன்னு ஒரு வாதம் இருக்கு, ஓரளவு சரியான வாதம் தான். அதுக்காக மீதி எல்லாத்தையும் குடி மேல போட்டுட முடியாது, வேலையும் மரியாதையும் போனவன் தான் அப்படிக் குடிச்சான்.

கிழக்கு ஜெர்மனிக்கு பணக்கார சொந்தக்காரன் இருந்தான்ல, அவங்களுக்கு என்ன குறை?

தாயும் புள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறம்பாங்க, அது இங்க பொருந்தும். 1990 ஜூலை 1 அன்னிக்கு மேற்கு ஜெர்மனி மார்க் வந்துச்சு, சம்பளம் ஒண்ணுக்கு ஒண்ணு, சேமிப்பு 59 வயசு வரைக்கும் உள்ள பெரியவங்களுக்கு 4,000 வரைக்கும் ஒண்ணுக்கு ஒண்ணு, மீதி ரெண்டுக்கு ஒண்ணு. ஜனங்களுக்கு ஏகக் குஷி, ரஷ்யப் பாட்டிகளுக்கு நடந்தது இவங்களுக்கு நடக்கல. ஆனா ஃபேக்டரிக்கு அன்னைக்கே சங்கு. ஒரே ராத்திரியில சம்பளச் செலவு எகிறுச்சு, சரக்கு வாங்கிக்கிட்டு இருந்த போலந்து, ரஷ்யாவால மார்க்ல காசு குடுக்க முடியல, உள்ளூர்க்காரனும் கடையில மேற்கத்திய பால் மேற்கத்திய ஊறுகாய்னு தான் வாங்குறான். பத்து வருஷம் காத்திருந்த டிராபன்ட்டை சீண்ட ஆள் இல்ல, 1991 ஏப்ரல் 30ல உற்பத்தி நின்னுருச்சு.

கிட்டத்தட்ட 8,500 கம்பெனி, 40 லட்சம் தொழிலாளர், எல்லாம் அரசாங்கச் சொத்தை விக்கிறதுக்குன்னு வச்ச ட்ராய்ஹான்ட்னு ஒரே நிறுவனத்துக்குக் கீழ. அதோட தலைவர் ரோவெடரை 1991 ஏப்ரல் 1ல ட்யூசல்டார்ஃப் வீட்டு ஜன்னல் வழியா சுட்டுக் கொன்னாங்க, இடதுசாரி தீவிரவாதக் குழு பொறுப்பேத்துக்கிட்டுது, சுட்டவன் யாருன்னு இன்னைக்கும் கேஸ் முடியல. 1994 கடைசியில ட்ராய்ஹான்ட்டை மூடுறப்ப லாபம் வரும்னு ஆரம்பிச்ச கணக்கு 250 பில்லியன் மார்க்குக்கு மேல நஷ்டத்துல நின்னுச்சு. வாங்குனவங்கள்ல மிகப் பெரும்பகுதி மேற்கு ஜெர்மன்காரங்க, உள்ளூர்க்காரன்கிட்ட முதல் ஏது?

கிழக்குல துரிங்கியா மாநிலத்துல பிஷோஃபெரோடன்னு ஒரு சின்ன ஊர், பொட்டாஷ் சுரங்கம். இங்க கிடைக்கிற உப்புக்கு வெளிநாட்டுல கிராக்கி இருக்கு, ஏன் மூடுறீங்கன்னு 1993ல தொழிலாளிங்க வாரக்கணக்குல உண்ணாவிரதம் இருந்தாங்க. மேற்குல இருக்குற போட்டிக் கம்பெனியோட இணைக்கிறதுக்காக மூடுறாங்கன்னு அவங்க சொன்னதை இன்னைக்கும் அந்தப் பக்கம் யாரும் மறக்கல. வருஷக் கடைசியில மூடிட்டாங்க. ரோடு, ரயில், பென்ஷன்னு கோடிகோடியா கொட்டுனாங்க, அதை மறுக்கல, ஆனா காசு மட்டும் வந்தா போதாது, இந்த ஊர்ல எதுவும் எங்களோடது இல்லங்கிற நினைப்பு போகல. 2024 துரிங்கியா மாநிலத் தேர்தல்ல தீவிர வலதுசாரி ஏஎஃப்டி முதல் இடம் வந்ததுக்கு அகதிங்க பிரச்சினை மட்டும் தான் காரணம்னு எழுதுறவங்க இந்தப் பின்கதையையும் படிக்கணும்.

அல்பேனியாவுல சீட்டுக் கம்பெனியால உள்நாட்டுக் கலவரமே வந்துச்சாமே?

ஆமா, இது நம்ம ஆளுங்களுக்கு நல்லாவே புரியுற கதை. நாப்பது வருஷத்துக்கு மேல தனிச் சொத்தே இல்லாத நாடு, பேங்க்குன்னா அரசாங்க பேங்க் மூணு, கடன் கேட்டா கிடைக்காது. இத்தாலி, கிரீஸ்ல கூலி வேலை பாக்குற பசங்க அனுப்புற டாலர் வீட்டுல கிடக்குது. இதுல வெஃபா, ஜாலிட்சா, ஜாஃபெரி, சூடேன்னு கம்பெனிங்க முளைச்சு மாசா மாசம் கொழுத்த வட்டின்னு ஆரம்பிச்சாங்க, 1996 கடைசியில போட்டி முத்தி ஒருத்தர் மூணு மாசத்துல மூணு மடங்கு, இன்னொருத்தர் ரெண்டு மாசத்துல ரெண்டு மடங்கு. வீட்டை வித்துப் போட்டாங்க, சம்சாரிங்க மாடு ஆடு எல்லாத்தையும் சந்தைக்கு ஓட்டிட்டு வந்து வித்துப் போட்டாங்க, தலைநகர் டிரானாவே கசாப்புக் கடை மாதிரி நாறுச்சாம். 35 லட்சம் பேர் கூட இல்லாத நாட்டுல ரெண்டு கம்பெனியில மட்டும் கிட்டத்தட்ட 20 லட்சம் கணக்கு. தர வேண்டிய மொத்தம் 1.2 பில்லியன் டாலர், நாட்டு வருமானத்துல பாதி.

சர்வதேச நாணய நிதியம் (ஐஎம்எஃப்) எச்சரிச்சுது, ஜனாதிபதி பெரிஷா அரசாங்கம் கேக்கல, ஆளுங்கட்சிக்கும் இந்தக் கம்பெனிகளுக்கும் நல்ல ஒட்டு உறவு. 1997 ஜனவரியில வரிசையா மஞ்சக் கடுதாசி. வ்லோராவுல ஆரம்பிச்ச கலவரம் தெற்கு முழுக்கப் பரவி, ராணுவக் கிடங்கை உடைச்சு அஞ்சு லட்சத்துக்கும் மேல துப்பாக்கிங்களைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, சுமார் 2,000 பேர் செத்தாங்க. கடைசியில இத்தாலி தலைமையில வெளிநாட்டுப் படை வந்து இறங்குச்சு, ஜூன்ல தேர்தல், ஆட்சி மாறுச்சு. சேமிப்பு யாருக்கும் முழுசா திரும்பல.

பழைய உளவுத்துறைக்காரங்க என்ன ஆனாங்க?

நாட்டுக்கு நாடு வேற. செக்கோஸ்லோவாக்கியாவுல 1991லயே சட்டம் போட்டு பழைய உளவாளிகளைப் பெரிய பதவியில இருந்து தள்ளி வச்சாங்க. ஜெர்மனியில ஸ்டாசின்ற பழைய கிழக்கு ஜெர்மனி உளவுத்துறையோட ஃபைலை 1992ல இருந்து அவங்கவங்க போய்ப் படிக்கலாம்னு விட்டாங்க, வேரா வோலன்பெர்கர்னு எதிர்ப்பு இயக்கத்துல இருந்து எம்.பி. ஆனவங்க, தன்னைப் பத்தி வருஷக்கணக்கா ரிப்போர்ட் எழுதுனது சொந்தப் புருஷனேன்னு கண்டுபிடிச்சாங்க. ரஷ்யாவுல ஃபைலும் திறக்கல, ஆளும் போகல, கிழக்கு ஜெர்மனி டிரெஸ்டன்ல உக்காந்திருந்த ஒரு கேஜிபி (சோவியத் உளவுத்துறை) அதிகாரி, அதான் புடின், 2000ல ஜனாதிபதியே ஆனாரு.

சீனா மாதிரி கட்சியை வச்சுக்கிட்டே மெதுவா மாத்தியிருக்கலாமே?

எல்லாரும் கேக்குறது. சீனாவுல 1978ல ஜனங்கள்ல 80 சதவீதம் கிராமம், நிலத்தைக் குடும்பத்துக்குப் பிரிச்சுக் குடுத்ததுமே விளைச்சல் ஏறுச்சு. ரஷ்யாவுல முக்கால்வாசி டவுன், ராட்சச ஃபேக்டரி, அதைப் பிரிச்சு வீட்டுக்கு ஒரு துண்டு குடுக்க முடியுமா? அதோட கோர்பச்சேவ் மெதுவாத் தான் ஆரம்பிச்சாரு, அந்த மெதுவுலயே டைரக்டருங்க கம்பெனிக் காசைக் கூட்டுறவுன்ற பேர்ல உறிய ஆரம்பிச்சுட்டாங்க.

நமக்கு இதுல ஏதாவது பாதிப்பு வந்துச்சா?

வந்துச்சு. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்ல ரெண்டு ரூபாய் மூணு ரூபாய்க்குக் கிடைச்ச மாஸ்கோ அச்சுத் தமிழ்ப் புத்தகங்க நின்னு போச்சு, அந்த வழவழ பேப்பர் வாசனை தெரிஞ்ச தலைமுறைக்கு சொல்ல வேண்டியதில்ல. ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் 1988ல கையெழுத்து போட்ட கூடங்குளம் திட்டம் பத்து வருஷம் கிடப்புல கிடந்து 1998ல தான் உயிர் பெத்துச்சு.

ரஷ்யாவுல அந்தப் பழைய சேமிப்புக்கு நஷ்டஈடு ஏதும் குடுத்தாங்களா?

1995ல சட்டமே இருக்கு, 1991ல வங்கியில இருந்த மக்கள் பணம் அரசாங்கம் பட்ட கடன், முழு மதிப்போட திருப்பித் தருவோம்னு. அந்தச் சட்டத்தை அமல்படுத்துறதைப் பல வருஷமா தள்ளி வச்சுக்கிட்டே இருக்காங்க, ரத்தும் பண்ணல, குடுக்கவும் இல்ல. அதுக்குப் பதிலா கொஞ்சம் தராங்க, 1945க்குள்ள பொறந்தவங்களுக்கு அன்னைக்கு இருந்த தொகைக்கு மூணு மடங்கு, அதுக்கப்புறம் 1991 வரைக்கும் பொறந்தவங்களுக்கு ரெண்டு மடங்கு, ஏற்கனவே வாங்கியிருந்தா அதைக் கழிச்சுட்டு. 5,000 ரூபிள் போட்டு வச்ச பாட்டி, அன்னைக்கு அது சாதாரண ஆளோட ஒன்றரை வருஷச் சம்பளம், இன்னைக்குப் பாஸ்புக்கை எடுத்துட்டுப் போனா 15,000 வரும். இப்ப மாஸ்கோவுல வேலை பாக்குற பேரனோட ஒரு வாரச் சம்பளம் கூட தேறாது.